அட்டையில் வாசகமே இல்லாமல் படம் பேச வேண்டும்: வரைவில் என்ன மாற்றலாம்?

மைக்கூடு:

32 பக்கக் காமிக்ஸ் ஒன்றுக்கு அட்டைப்படம் வரைகிறேன். கதை இதுதான்: அணைக்கட்டில் இரவுக் காவல் பார்க்கும் பெண், சுவரில் விரிசல் ஓடுவதைக் கண்டுபிடிக்கிறாள். மேலதிகாரிகள் யாரும் நம்பவில்லை. விடிவதற்குள் அணை உடையப் போகிறது. மொத்தக் கதையும் ஒரே இரவில் நடக்கிறது.

இப்போதுள்ள வரைவில் அவள் நடுவில் நிற்கிறாள், கையில் டார்ச், நேராக நம்மைப் பார்க்கிறாள். பின்னால் அணைச் சுவர், அதில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். உச்சியில் லோகோ, அதாவது இதழின் பெயர் எழுத்து. பதிப்பாசிரியர் இரண்டு வாசகங்கள் கேட்கிறார். ஒன்று, "விடிவதற்குள் உடையும்!" இன்னொன்று, "அவளை யாரும் நம்பவில்லை!" இரண்டையும் படமே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் வாசகங்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் படம் ஊமையாக நிற்கிறது.

அளவு 6⅝ × 10¼ அங்குலம், ஆர்ட் பேப்பர், மேட் லேமினேஷன். இரவுக் காட்சி என்பதால் நிறமெல்லாம் அடர்த்தியாக இருக்கும். படத்தில் எதை மாற்றுவது, லோகோவையும் பார்கோடையும் எங்கே வைப்பது, வாசகம் கட்டாயம் இருக்க வேண்டிய இடம் என்று ஏதாவது உண்டா? விவரமாகச் சொல்லுங்கள்.

கோடும் நிழலும்:

வாசகத்தை எடுத்ததும் படம் ஊமையாகிவிட்டது என்றால், வரையும்போதே பாதி வேலையை வாசகத்தின் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். வரைவில் பெண் இருக்கிறாள், விரிசலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் நடக்கவில்லை.

முதலில் அவள் பார்வையைச் சரிசெய்யுங்கள். அட்டையில் முகம் இருந்தால் பார்ப்பவர் கண் அங்கேதான் போய் விழும். அடுத்து அந்த முகம் எதைப் பார்க்கிறதோ அங்கே போகும். இப்போது அவள் நம்மைப் பார்ப்பதால் அந்தப் பயணம் முகத்தோடு முடிந்துபோகிறது, விரிசல் பின்னணி அலங்காரமாகிவிடுகிறது. அவளைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். கன்னமும் ஒரு கண்ணும் நமக்குத் தெரியட்டும். முழு முதுகையும் காட்டிவிடாதீர்கள். சிறிய அளவில் வெறும் கறுப்பு உருவமாகிவிடும்.

இரண்டு வாசகங்களும் இரண்டு வேறு வேலை செய்கின்றன. ஒன்று நேரத்தைச் சொல்கிறது, மற்றது மனிதர்களுக்கு இடையிலான உறவைச் சொல்கிறது. ஒரு அட்டையில் ஒன்றைத்தான் உருப்படியாகச் சொல்ல முடியும். நான் நேரத்தை எடுப்பேன். நம்பாமையைக் காட்ட இன்னும் ஓரிரு ஆட்கள் வேண்டும், அவர்கள் முகபாவமும் தெரிய வேண்டும். கட்டைவிரல் அளவில் முகபாவம் நிற்காது. விரிசல் அப்படியில்லை. ஒரு பொருள், ஒரு கை, ஒரு செயல்: அதோடு முடிந்தது.

நேரத்தை எப்படிக் காட்டுவது? கட்டுமானத் துறையில் உள்ள வழக்கமே கைகொடுக்கும். விரிசல் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் நுனியில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி குறித்து வைப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது என்று பொருள். அதையே இவள் சாக்பீஸால் செய்யட்டும், தேதிக்குப் பதில் மணி. 1.10, 2.00, 2.30 என்று மூன்று கோடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. நேர இடைவெளி குறைய, கோடுகளுக்கு இடையிலான தூரம் மட்டும் கூடிக்கொண்டே போக வேண்டும். முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண், அடுத்ததற்கு ஒரு முழம். நான்காவது கோட்டை அவள் கை போட வரும்போதே விரிசல் நுனி அந்தக் கையைத் தாண்டிப் போய்விட்டது. "விடிவதற்குள் உடையும்" என்பது அந்தக் கோடுகளிலேயே இருக்கிறது. மணியைப் படிக்காதவருக்கும் இடைவெளி பெரிதாவது புரியும்.

இது எழுத்துதானே என்று பதிப்பாசிரியர் மடக்கலாம். காட்சிக்குள் ஒரு பொருளாக இருக்கும் எழுத்து வேறு, படத்தின் மேல் ஒட்டிய வாசகம் வேறு. 1981-இல் வந்த எக்ஸ்-மென் 141-ஆம் இதழின் அட்டையில், சுவரில் ஒட்டிய போஸ்டரில் நாயகர்களின் முகங்கள் மேல் பிடிபட்டார், கொல்லப்பட்டார் என்று பட்டை அடித்திருக்கும். முழுக் கதையின் நிலவரமும் அந்த ஒரு போஸ்டரில் வந்துவிடுகிறது. அது அந்த உலகத்து மனிதர்கள் ஒட்டிய போஸ்டர், நமக்கு விளக்கம் சொல்ல வந்ததில்லை. உங்கள் சாக்பீஸ் கோடும் அதே ரகம்.

வெளிச்சம். டார்ச்சை நேராக அடித்தால் சுவர் தட்டையாகி விரிசல் மங்கிவிடும். சுவரை ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடித்தால்தான் மேடு பள்ளமெல்லாம் நிழல் விட்டுத் தெரியும். ஆய்வு செய்பவர்களும் அப்படித்தான் அடிப்பார்கள். படத்துக்கும் அது நல்லது. மூன்றே டோன் (வெளிச்ச அளவு) போதும்: வெளிச்சம் விழும் நீள்வட்டம், மங்கலான சுவர், இருட்டு. வெளிச்சத்தின் நடுவே ஓடும் விரிசல்தான் படத்திலேயே அதிகக் கான்ட்ராஸ்ட் உள்ள இடமாக இருக்க வேண்டும். அவள் முகத்துக்கு அதற்கடுத்த இடம்.

விரிசல் தாளின் இடது மேல் ஓரத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வரட்டும். தொடக்கம் தெரியாவிட்டால் அது அட்டையைவிடப் பெரியது என்று கண் தானாக எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து சாய்வாக இறங்கி வலது கீழ்ப்பக்கம் போகட்டும், நாம் படிக்கும் திசையும் அதுதான். அவள் தோள் விளிம்பும் விரிசல் கோடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. ஒன்று நன்றாகக் குறுக்கிட வேண்டும், அல்லது நன்றாக விலக வேண்டும். உரசினால் ஆழம் போய் இரண்டும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

மதகு:

அணைச் சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கான்கிரீட் புவியீர்ப்பு அணையை, அதாவது தன் எடையாலேயே நீரைத் தாங்கும் அணையை, ஒரே மூச்சில் ஊற்றுவதில்லை. சுமார் 1.5 மீட்டர், சில அணைகளில் அதைவிட அதிகம், என்று அடுக்கடுக்காக ஊற்றிக்கொண்டே போவார்கள். அந்த அடுக்குகளுக்கு இடையிலான கிடைக்கோடுகள் சுவரில் தெரியும். உங்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த அளவுகோல். ஒரு அடுக்கு ஏறக்குறைய அவள் உயரம். அவளுக்கு மேலே இன்னும் ஏழெட்டு கோடுகள் சுருங்கிச் சுருங்கிப் போனால் சுவரின் பிரம்மாண்டம் வந்துவிடும்.

நீர் இல்லாத பக்கத்துச் சுவர் செங்குத்தாக இருக்காது. ஒரு மீட்டர் உயரத்துக்கு முக்கால் மீட்டர் அளவில் சாய்ந்திருக்கும். அடியில் நிற்பவருக்குச் சுவர் பின்னால் சாய்ந்து போவதுபோல் தெரியும். வீட்டுச் சுவர் மாதிரி நேராக வரைந்தால் அணை என்றே தோன்றாது. உங்கள் விரிசலும் அடுக்குக் கோட்டோடு கொஞ்ச தூரம் கிடையாக ஓடி, பிறகு சாய்வாக இறங்கி, மறுபடி அடுத்த கோட்டைப் பிடிக்கட்டும். படிக்கட்டுபோல் இறங்கும் விரிசல் மின்னல் மாதிரி நெளியும் விரிசலைவிட நம்பும்படி இருக்கும்.

கசிவுக்கு நிறம் உண்டு. நாள்பட்ட கசிவு சுண்ணாம்பை வெளியே கொண்டுவந்து வெள்ளை வெள்ளையாகப் படியவிடும். புதுக் கசிவு கான்கிரீட்டை நனைத்துக் கருமையாக்கும். மேலே பழைய வெள்ளைத் தாரைகள், விரிசலுக்குக் கீழே மட்டும் புதிதாக நனைந்த கருமை என்று காட்டினால், "இது இப்போது நடக்கிறது" என்பது சொல்லாமலே தெரியும்.

அச்சுக்கூடம்:

லோகோ பற்றி. மேல் கால்பகுதியில் லோகோ வைக்கும் வழக்கம் கடை அடுக்குகளால் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி வைக்கும்போது மேல் பட்டை மட்டும்தான் வெளியே தெரியும். இணையத்தில் மட்டும் விற்றால் அந்தக் கட்டாயம் இல்லை. 1986-இல் தொடங்கிய வாட்ச்மென் இதழ்களில் லோகோ இடது ஓரத்தில் செங்குத்துப் பட்டையாக வந்தது. மீதி இடம் முழுக்கப் படத்துக்கு. முதல் இதழின் அட்டை ரத்தத் துளி பட்ட ஒரு பேட்ஜின் நெருக்கக் காட்சி, உள்ளே கதையின் முதல் கட்டமும் அதுவேதான். விளக்க வாசகம் எதுவும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

உங்கள் படத்தில் விரிசல் இடது மேலிருந்து வருவதால், லோகோவை அதன் மேல் உட்கார வைத்தால் தொடக்கமே மறைந்துவிடும். இரண்டு வழி. லோகோவைச் சிறிதாக்கி வலது மேலே ஒதுக்கலாம். அல்லது விரிசல் லோகோ எழுத்துகளுக்கு முன்னால் குறுக்காகப் போகலாம். இரண்டாவதில் ஒரு எச்சரிக்கை: முதல் எழுத்தை வெட்டக் கூடாது. நடுவில் ஏதாவது ஒரு எழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கவும் கூடாது. லோகோவுக்குச் சாக்பீஸின் வெள்ளையைக் கொடுக்காதீர்கள். கோடுகளோடு போட்டி போடும்.

பார்கோடு பின்னட்டைக்குப் போகட்டும். 13 இலக்க ஈஏஎன் பார்கோட்டின் முழு அளவு, இருபுறமும் விட வேண்டிய வெற்றிடம் உட்பட, 37.29 × 25.93 மி.மீ. 80 விழுக்காடு வரை சுருக்கலாம், அதாவது ஏறக்குறைய 30 × 21. அதற்குக் கீழே போனால் ஸ்கேனர் மக்கர் செய்யும். வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடுகள்தான் பத்திரம். படத்தோடு பொருந்தட்டும் என்று சிவப்புக் கோடு போடாதீர்கள். ஸ்கேனரின் ஒளி சிவப்பு, அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றாகத்தான் தெரியும். முன்னட்டையில்தான் வேண்டும் என்று விற்பனையாளர் கேட்டால் இடது கீழ் மூலை. அங்கே வெறும் சுவர் மட்டும் இருக்கும்படி இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

கோப்பு: நான்கு பக்கமும் ⅛ அங்குலம் ப்ளீட் (வெட்டி எறிவதற்காக விளிம்புக்கு வெளியே நீட்டி வரையும் பகுதி) சேர்த்து 6⅞ × 10½ அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2063 × 3150 பிக்சல். வெட்டு விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குள் சாக்பீஸ் கோடு, விரல் நுனி, எழுத்து எதுவும் வரக் கூடாது. கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பல்லிளித்துவிடும்.

இனி இரவு நிறம். இதில்தான் இருட்டு அட்டைகள் அதிகம் கெட்டுப்போகின்றன. அச்சு மைகள் நான்கு: சியான் (வெளிர்நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு. நீலத்தில் சியானும் மெஜந்தாவும் சம அளவு இருந்தால் அச்சில் ஊதாவாக வரும். மெஜந்தாவைச் சியானைவிடக் குறைந்தது 30 விழுக்காட்டுப் புள்ளிகள் கீழே வையுங்கள். நான்கு மையின் கூட்டுத்தொகை ஆர்ட் பேப்பரில் 300 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். இருட்டுப் பகுதிக்குச் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போதும், கூட்டினால் 240. மேட் லேமினேஷன் கறுப்பைச் சாம்பல் பக்கம் இழுத்து கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும். திரை தானே ஒளிர்வதால் அங்கே எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும், தாளில் நடு டோன்கள் இருட்டோடு கலந்துவிடும். மங்கலான சுவர் என்று நீங்கள் நினைக்கும் டோனை ஒரு படி வெளுப்பாக்கி, மேட் லேமினேஷன் போட்ட ப்ரூஃப் (மாதிரி அச்சு) ஒன்று கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான இடம் சாக்பீஸ் கோடு. நான்கு மைக்கு நடுவே வெள்ளையாக விடப்படும் மெல்லிய கோடு, பதிவு (நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) சற்று விலகினாலும் மூடிக்கொள்ளும். அச்சு அளவில் 1 பாயின்ட்டுக்கு (சுமார் 0.35 மி.மீ.) கீழே போகாதீர்கள், ஒன்றரை இருந்தால் நிம்மதி. 10 × 15 அங்குலத்தில் கையால் வரைகிறீர்கள் என்றால் அச்சில் மூன்றில் இரண்டாகக் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய இதழ்:

வாசகம் என்றாலே குற்றம் என்ற தொனி வந்துவிடக் கூடாது. 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழின் அட்டையில் ஆளாளுக்குப் பேச்சுக் குமிழ் இருக்கும். 1962-இல் ஸ்பைடர்-மேன் அறிமுகமான அட்டையிலும் அவன் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் தாவுவான். கடையில் ஒரு நொடி கண்ணோட்டம் விட்டுப் போகிறவரை நிறுத்த வேண்டும், நாயகனோ யாருக்கும் தெரியாத புதியவன். அந்த நிலைமைக்கு அது சரியான தீர்வு. ஆனால் 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழிலும் நாயகன் புதியவன்தான். காரைத் தலைக்கு மேல் தூக்குகிறான், முன்னால் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு அலறி ஓடுகிறான். விளக்கமே இல்லை. செயலும் அதைப் பார்த்தவனின் அதிர்ச்சியும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால் வேலை முடிந்துவிடுகிறது.

வாசகம் தேவைப்படும் இடங்கள் உண்டு. பல கதைகள் சேர்ந்த தொகுப்பு என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். நகைச்சுவைக் கதை, ஆனால் காட்சி சீரியஸாக இருக்கிறது என்றால், தொனியை ஒரு வரி காப்பாற்றும். இதழ் எண், "இரண்டு பாகங்களில் முதல் பாகம்" போன்றவற்றைப் படத்தின் அழகுக்காக மறைப்பது வாசகரை ஏமாற்றுவது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உங்கள் கதைக்கு இவற்றில் இதழ் எண் மட்டும்தான் பொருந்தும்.

பதிப்பாசிரியரிடம் வீம்பு பிடிக்காதீர்கள். அவர் கேட்கும் இரண்டு வரிகளும் நல்ல வரிகள், இடம்தான் தவறு. பின்னட்டைக் கதைக் குறிப்பின் தலைப்பாக "அவளை யாரும் நம்பவில்லை" கச்சிதமாக உட்காரும். முன்னட்டையில் நேரம், திருப்பினால் உறவு. இரண்டும் வந்துவிட்டதே.

மைக்கூடு:

எல்லோருக்கும் நன்றி. 5 × 8 செ.மீ. அளவில் மூன்று வரைவுகள் போட்டுப் பார்த்தேன்.

அ: நீங்கள் சொன்ன சாக்பீஸ் காட்சி. ஆ: சுவரில் காது வைத்துக் கேட்கிறாள், தூரத்தில் ஊர் விளக்குகள். இ: பிரம்மாண்டமான சுவர், அடியில் புள்ளி அளவில் அவளும் டார்ச் வெளிச்சமும்.

கதை தெரியாத சிலரிடம் மூன்று நொடி காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டேன். "அ"-வுக்கு "சுவரில் ஏதோ கிறுக்குகிறாள்" என்றார்கள். "ஆ"-வுக்கு "யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்கிறாள்." "இ"-க்கு எல்லோரும் "அழகாக இருக்கிறது" என்றார்கள். இப்போது "இ" பக்கம் சாயத் தோன்றுகிறது.

கோடும் நிழலும்:

சாயாதீர்கள். என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு அழகாக இருக்கிறது என்று பதில் வந்தால், சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். "அ"-வும் "ஆ"-வும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன, ஆனால் இரண்டிலும் ஒரு செயலைப் பார்த்திருக்கிறார்கள். தவறான செயலைச் சரியாக்கலாம். செயலே இல்லாத படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

"ஆ"-வில் சிக்கல் ஆழமானது. காதை வைத்தால் ஒட்டுக்கேட்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். சுவருக்குப் பின்னால் நீர் இருப்பதைப் படத்தில் காட்ட வழியில்லை. விட்டுவிடலாம்.

"அ" கிறுக்கலாகத் தெரிந்தது ஏன்? சாக்பீஸ் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, பார்வையும் கை நுனியில் இருக்கிறது. எழுதுகிறவர் அப்படித்தான் இருப்பார். கையைச் சுவரிலிருந்து நாலு விரல்கடை விலக்குங்கள், கோடு போடப் போய் நின்றுவிட்ட கை. பார்வை கையை விட்டுவிட்டு, விரிசல் ஓடிப்போன திசையில், டார்ச் வெளிச்சத்தின் விளிம்புக்குப் போகட்டும். விரிசல் நுனி வெளிச்சத்துக்கு வெளியே இருட்டுக்குள் மறைய வேண்டும். எங்கே முடிகிறது என்று அவளுக்கும் தெரியக் கூடாது, நமக்கும் தெரியக் கூடாது.

பழைய கோடுகள் மூன்றும் விரிசலைச் செங்குத்தாக, ஒரே நீளத்தில் வெட்டட்டும். இப்போது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் கிறுக்கலாகத் தெரிகிறது. அளவெடுக்கிற கையின் ஒழுங்கு அதில் வேண்டும். மணியை எழுத்து அழகோடு எழுதாதீர்கள். குளிரில் நிற்பவள் அவசரமாகக் குறித்த எண்கள், கடைசி எண் மற்ற இரண்டைவிடக் கோணலாக இருக்கலாம். 1.10 குறிக்குக் கீழே கசிவு மெல்லிய ஈரமாக, 2.30-க்குக் கீழே தாரையாக. மதகு சொன்ன கருமை இங்கேதான் வேலை செய்யும். தாரை 2.30-இன் கடைசி எண் மேல் இறங்கிச் சாக்பீஸைக் கரைத்துக்கொண்டிருந்தால், கோடு போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதும் வந்துவிடும்.

"இ"-யிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று உண்டு: மேலே போகும் அடுக்குக் கோடுகள். அவளுக்கு மேல் குறைந்தது ஐந்து தெரியும்படி கேமராவைப் பின்னுக்கு இழுங்கள். அவள் உருவம் அட்டை உயரத்தில் பாதி இருந்தால் போதும்.

மாற்றிய பிறகு புதிய ஆட்களிடம் காட்டுங்கள். முன்பு பார்த்தவர்களுக்குப் பதில் பாதி தெரிந்துவிட்டது. "விரிசல் பெரிதாகிறது" என்ற அர்த்தத்தில் மூவரில் இருவர் சொன்னால் பென்சிலுக்குப் போகலாம். 150 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். அந்த அளவில் எண்கள் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கோடுகளின் இடைவெளி தெரிந்தால் சரி.

அச்சுக்கூடம்:

பென்சிலுக்குப் போகும் முன் ஒன்று. லோகோவுக்கும் பார்கோடு கட்டத்துக்கும் அடியில் சுவரை வெறுமையாக விட்டுவிடாமல் முழுதாக வரைந்துவிடுங்கள். லோகோ, இதழ் எண், பெயர்கள் ஒவ்வொன்றும் தனி லேயரில் இருக்கட்டும். எழுத்தே இல்லாத மாற்று அட்டையோ போஸ்டரோ பிறகு கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கலாம். விரிசல் லோகோவுக்கு முன்னால் போகும் வழியை எடுத்தால், எழுத்துகளை வெட்டும் பகுதிக்கு மட்டும் தனி மாஸ்க் (மறைக்கும் பகுதியைக் குறிக்கும் தனித் திரை) வையுங்கள். லோகோ இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால்கூடப் படத்தைத் தொடாமல் சரிசெய்துவிடலாம்.